மிஸ் வீடு பார்க்க வந்தது

கலவரம் முடிந்த மறு வருடம், கண்டியில் எங்கள் ஒழுங்கையில் ஒரே நாயை இரண்டு வீட்டார் கேட்டிருந்தோம். ஒன்று நாங்கள், மற்றது எதிர்வீட்டுச் சிங்களக் குடும்பம். அந்த வீட்டுச் சிறுமிக்கும் எனக்கும் ஒரே வயது. அவளிடம் ஏற்கெனவே சைக்கிள் இருந்தது. ஆகவே நாய் எனக்கு வருவதுதான் நியாயம் என்று நான் தீர்மானித்து வைத்திருந்தேன்.

பிலிமத்தலாவைக்குப் போகும் வழியில், கைவிடப்பட்ட நாய்களைப் பராமரித்து வளர்க்கக் கொடுக்கும் இடமொன்று இருந்தது. அதை நடத்திய பறங்கி மாதுவை எல்லோரும் மிஸ் என்றே அழைத்தார்கள். கலவரத்தில் வீட்டை விட்டு ஓடிய தமிழர்களின் நாய்கள் பல அங்கே வந்து சேர்ந்திருந்தன. அப்பாவுடன் போய் நான் தெரிவு செய்தது செம்மஞ்சள் நிறப் பெட்டை ஒன்று. கம்பி வலைக்குள் விரலை விட்டபோது நக்கியது. இதை எதிர்வீட்டாளிடம் பெருமையடித்ததுதான் வினையாயிற்று. அடுத்த நாளே அவள் தகப்பனுடன் போய் அதே நாயைக் கேட்டுவிட்டாள்.

மிஸ் யாருக்கும் உடனே நாயைக் கொடுக்க மாட்டார். முதலில் வீட்டுக்கு வந்து மதிலைப் பார்ப்பார், வாசல் படலையை ஆட்டிப் பார்ப்பார். பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா தினத்தில் எங்களிடம் வந்தார். அம்மா நல்ல கோப்பையில் தேநீர் கொடுத்தார். நான் சாக்கு விரித்து வைத்திருந்த மூலையைக் காட்டினேன். எல்லாம் சரியாகவே போனது. கடைசியில் மிஸ் தனக்குத் தெரிந்த தமிழில், ஆசிரியரான அப்பாவைக் கேட்டார்:

“மாஸ்டர், திரும்பக் கரைச்சல் வந்தா நீங்க போறதுதானே. அப்ப நாய் யார் பாக்கிறது?”

கதிரையில் சாய்ந்திருந்த அப்பா நிமிர்ந்தார். “லொறியில நாயை ஏத்தமாட்டினம், மிஸ். போனமுறை எங்களை முகாமுக்குக் கொண்டு போகேக்க கண்டனான்.”

மிஸ் தேநீரை முழுவதும் குடித்துவிட்டுப் போனார்.

“ஒரு பொய் சொல்லியிருந்தா என்னப்பா?” என்று நான் அழுதேன்.

அம்மாதான் பதில் சொன்னார்: “வாயை மூடு. அவருக்கு ஏற்கெனவே இருக்கிற யோசினையே காணும்.”

அந்த வாரமே நாய் எதிர்வீட்டுக்கு வந்தது. அவள் அதற்கு ரோஸி என்று பெயர் வைத்து, சிவப்புப் பட்டி கட்டி, எங்கள் படலைக்கு முன்னால் நடத்திக்கொண்டு போவாள். தன் கட்டிலடியில்தான் ரோஸி படுக்கிறாள் என்று சிங்களத்தில் சொல்வாள். உனக்கு உண்ணி பிடிக்கும் என்று நானும் சிங்களத்திலேயே சொல்வேன். பிடிக்க வேண்டும் என்று மனதார விரும்பினேன். தன் வகுப்பில் அவள் முதலாம் பிள்ளையாக வந்தபோதுகூட எனக்கு வயிறு அப்படி எரிந்ததில்லை.

ஒருநாள் காலை அப்பா குடையை மறந்துவிட்டு வேலைக்குப் போனார். கொண்டுபோய்க் கொடுக்க ஓடினேன். அவர் எதிர்வீட்டுப் படலையருகே நின்றிருந்தார். ஒழுங்கையின் இரு பக்கமும் பார்த்தார். பிறகு குனிந்து, “சாப்பிட்டியோ பிள்ளை? சுகமா இருக்கிறியோ?” என்று மெல்லக் கேட்டார். நாய் உடம்பையெல்லாம் நெளித்து, முனகிக்கொண்டு, கம்பிகளுக்கிடையே முகத்தை நுழைத்தது. அவள் சிங்களத்தில் எத்தனை தடவை கூப்பிட்டும் அது அப்படி வந்ததை நான் கண்டதில்லை.

வீதியில் தமிழ் கதைக்கக் கூடாது என்று எங்களுக்குக் கட்டளை போட்டவர் அப்பா. வெளியே போனால் என்னைக்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்.

குடையைக் கொடுக்காமலே திரும்பினேன். அப்பாவுக்கு என்னைவிட அந்த நாயைத்தான் பிடிக்கும் என்பது மட்டுமே அன்று எனக்கு விளங்கியது.