ஜகதீசன் பாஸ் பண்ணின லென்ஸ்

ஹைதராபாத் காஞ்சன்பாக்கில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்துநாலு வருஷம் சாமான்களைச் சோதித்தவர் ஜகதீசன். நல்லதுக்குப் பச்சைச் சீட்டு, கெட்டதுக்குச் சிவப்புச் சீட்டு. அவர் பச்சை கட்டினது ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. 2004-இல் ஓய்வு பெற்றபோது, பிரிவு விழாவில் கொடுத்த குத்துவிளக்கை மேஜையிலேயே மறந்துவிட்டு, மிச்சமிருந்த சீட்டுக் கட்டுகளை மட்டும் மறக்காமல் கேட்டு வாங்கிவந்தார்.

அடுத்த வருஷம் வலது கண்ணில் புரை. உள்ளே வைக்கப்போகும் லென்ஸைக் காட்டினால்தான் படுப்பேன் என்று அடம்பிடித்தார். உறையைப் பிரிக்கக் கூடாது என்றார்கள். உறையோடேயே வாங்கி, பூதக்கண்ணாடியில் அரைமணி நேரம் பார்த்து, பச்சைச் சீட்டு கட்டின பிறகுதான் படுத்தார்.

ஆறு மாசம் உலகம் பளிச்சென்றிருந்தது. அப்புறம் ஹைதராபாத்தில் எல்லாமே தரம் கெட ஆரம்பித்தது. டியூப்லைட் அழுது வடிந்தது, சிவப்புச் சீட்டு. செய்தித்தாளில் மை ஊறியிருந்தது, பேப்பர்காரர் சைக்கிளில் சீட்டு. மே மாசம் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மூடுபனி என்று மாநகராட்சிக்குப் புகார். பௌர்ணமி நிலா கை எட்டாததால் அதன் சீட்டை ஆண்டெனாவில் கட்டினார்.

"ஏங்க, நிலா என்ன பாவம் பண்ணுச்சு? கண்ணைக் காட்டிட்டு வாங்களேன்" என்றாள் மனைவி மங்கையர்க்கரசி.

"அந்த லென்ஸ் நான் பாஸ் பண்ணினது!"

விஷயம் அதுதான். லென்ஸ் சொத்தை என்றால் முப்பத்துநாலு வருஷப் பேரும் சொத்தை. அதைவிட உலகமே சொத்தையாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று எட்டு மாசம் ஓட்டினார்.

பக்கத்து வீட்டு ஜுலைகா வாணியம்பாடிக்காரி. ஹைதராபாத் வந்து இருபது வருஷம். அவள் மகளின் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை, ஹைடெக் சிட்டி சாஃப்ட்வேர் பையன், வெள்ளை ஷெர்வானியில் வந்து கை குலுக்கினான். ஜகதீசன் அவனைச் சுற்றி வந்தார். "ஓரமெல்லாம் கலங்கியிருக்கே" என்று முணுமுணுத்து, பொத்தானில் சிவப்புச் சீட்டைக் கட்டிவிட்டார்.

"அண்ணா! கைக்கு, ஏன் இப்படி? என் மாப்பிள்ளைக்கு லேபிளா? நக்கோ, இதெல்லாம் வேணாம், நக்கோ!" என்று ஹைதராபாத் உருது கலந்து கத்தி ஜுலைகா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

மறுநாளே மங்கையர்க்கரசி அவரை ஆட்டோவில் திணித்து மாரெட்பள்ளிக்கு, கண் டாக்டர் அனுபமாவிடம் கொண்டுபோனாள். சொட்டு மருந்து விட்டு, அவருக்கு நாள்பட்டிருந்த சர்க்கரை நோய் விழித்திரையைத் தொட்டிருக்கிறதா என்பதையும் பார்த்து முடித்த டாக்டர் நிமிர்ந்தார்.

"விழித்திரை நல்லாயிருக்கு. லென்ஸ்லயும் ஒரு கீறல் இல்ல, சார். அது உட்கார்ந்திருக்கிற பைதான் பின்பக்கம் மங்கிடுச்சு. ஆபரேஷன் ஆன நிறைய பேருக்கு வரும். சர்க்கரை இருந்தா இன்னும் சீக்கிரமே வரலாம்."

"பை யாரோட சப்ளை?"

"உங்களோடதுதான். பிறக்கும்போதே வந்தது."

ஜகதீசன் எழுந்தே நின்றுவிட்டார். "மங்கை, கேட்டியா! அது நான் பாஸ் பண்ணாத பீஸ்!"

கத்தி இல்லை, தையல் இல்லை. மோவாயை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி, லேசரால் அந்தப் பையில் ஓட்டை போட்டார்கள். டிக், டிக் என்று சத்தம்.

"ஓட்டை எத்தனை மில்லிமீட்டர்?"

"நாலு."

"ப்ளஸ் மைனஸ்?"

"பேசாம இருந்தா ப்ளஸ், பேசினா மைனஸ்."

ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. அன்று முழுக்கக் கண் கூசிற்று. மறுநாள் காலையில் கண்முன் கொசு மாதிரி இரண்டு மூன்று புள்ளிகள் மிதந்தன. அது சில நாளில் அடங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மற்றபடி டியூப்லைட் ஜொலித்தது. வீடெங்கும் சிவப்புச் சீட்டுகள் ஆடின.

"கெட்ட பீஸை விட்டதில்லைன்னு பெருமை பேசுவீங்களே," என்றாள் மங்கையர்க்கரசி. "நல்ல பீஸை இத்தனை விரட்டியிருக்கீங்களே?"

அவர் சீட்டுகளையெல்லாம் அவிழ்த்தார். ஆண்டெனாவுக்கும் ஏறினார். கடைசியில் ஒரு பச்சைச் சீட்டோடு ஜுலைகா வீட்டுக்குப் போனார். மாப்பிள்ளை அங்கேதான் இருந்தான்; ஓரமெல்லாம் கூர்மையாக, மீசைகூட ஒவ்வொரு முடியாகத் தெரிந்தது.

பச்சையை அவன் பொத்தானில் கட்டினார். அவன் சட்டைப்பையிலிருந்து பழைய சிவப்பை எடுத்து, மரியாதையாக அவர் பொத்தானில் கட்டினான்.

ஜகதீசன் அதைப் படித்துப் பார்த்தார். தம் கையெழுத்துதான், வரிமேல் வரி ஏறியிருந்தது. "நியாயமான ரிஜெக்‌ஷன்" என்றார்.

ஜுலைகா சர்க்கரைப் பாகில் ஊறின குபானி மீட்டாவை நீட்டினாள். ஜகதீசன் கை நீண்டது, பாதி வழியில் நின்று, திரும்பி வந்தது.

"நக்கோ" என்றார்.

தள்ள வேண்டியதைச் சரியாகத் தள்ளிவிட்டார் என்று கண்ட பிறகுதான் ஜுலைகா அந்தச் சிவப்பை அவிழ்த்துவிட்டாள்.