லாரி விளையாட்டும் சுகந்தியின் மூன்றாம் மாதமும்

கடலாடிப் பக்கத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து ராமநாதபுரம் வருவாள் சுகந்தி. கணினி விளையாட்டு விற்கும் ஓர் இணையக் கடைக்காக, அது இறங்கவில்லை, இது திறக்கவில்லை என்று புலம்புகிறவர்களுக்குத் தமிழில் பதில் எழுதுவது அவள் வேலை. ஆயுசில் ஒரு விளையாட்டுகூட அவள் ஆடியதில்லை, அது வேறு விஷயம்.

மூன்று மாதம் சோதனைக் காலம். வாடிக்கையாளர்கள் ஐந்துக்குப் போடும் மார்க்கில் சராசரி நாலுக்குக் குறையாவிட்டால் வேலை நிரந்தரம். குறைந்தால் அக்காவைப் போல திருப்பூர் பனியன் கம்பெனிதான்.

கடைசி வாரம் சராசரி சரியாக நாலில் நின்றது. அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் கில்பர்ட். பாம்பனில் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். கடை வாராவாரம் ஒரு விளையாட்டை வியாழன் சாயங்காலம்வரை இலவசமாகக் கொடுக்கும். அந்த வாரம் லாரி ஓட்டும் விளையாட்டு. அதை எடுக்கப் போனபோது ஓடிபி வரவில்லை என்று புகார் எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமை காலையில் அதைத் திறந்த சுகந்தி, 'சலுகை முடிந்துவிட்டது' என்ற தயார் பதிலை ஒட்டி மூடிவிட்டாள். புகார் என்றைக்கு வந்தது என்று பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதில் வந்தது.

"தங்கச்சி, நான் புதன்கிழமையே எழுதிட்டேன். அப்புறம் போட்டுல போயிட்டேன், அங்கன டவர் கிடையாது. இன்னைக்குத்தான் கரைக்கு வாரேன். கொஞ்சம் தேதியப் பாருங்க."

பார்த்தாள். புதன்கிழமைதான். முகம் சுண்டிப் போயிற்று. பேசாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. விளையாட்டைக் கொடுக்க வேண்டுமென்றால் மேற்பார்வையாளர் சுலைகாவிடம் தன் தப்பைச் சொல்லியாக வேண்டும். மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்தாள். எழுந்து போனாள்.

"மேடம், தேதி பாக்காம மூடிட்டேன். அவரு சரியாத்தான் கேட்டுருக்காரு."

"கடைசி வாரத்துலயா வந்து இதச் சொல்றே?" என்றாள் சுலைகா. ஆனாலும் அனுமதி கொடுத்தாள். லாரி கில்பர்ட்டின் கணக்கில் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் அவர் மார்க் போட்டார். ஐந்துக்கு ஒன்று.

சராசரி நாலுக்குக் கீழே இறங்கிவிட்டது. இந்த மனுசனுக்காகவா இவ்வளவும் செய்தோம் என்று சுகந்திக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பப் போனவளைச் சுலைகா கூப்பிட்டு, மார்க்குக்குக் கீழே அவர் எழுதியிருந்ததைக் காட்டினாள்.

"கேட்டதும் தப்ப ஒத்துக்கிட்டுக் குடுத்துட்டீக. எம்மக ஜெர்லின் எடுத்த மாதிரி தங்கச்சிக்கும் ஒண்ணாம் ரேங்க் போட்டுருக்கேன்."

சுலைகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"மார்க்க மாத்த எனக்கு அதிகாரமில்ல. ஆனா இத அப்படியே இங்கிலீஷ்ல எழுதி மேல அனுப்பலாம்ல."

இரண்டு நாள் கழித்து நிரந்தர உத்தரவு வந்தது. படித்ததும் சுகந்திக்குக் கண் கலங்கிவிட்டது. கில்பர்ட் அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தாள்.

'அண்ணே, இங்கன ஒண்ணு இல்ல, அஞ்சுதான் பெரிய மார்க்கு' என்று எழுதினாள். படித்துப் பார்த்துவிட்டு அழித்தாள். ஒன்றாம் ரேங்க்கை ஐந்தாம் ரேங்க்காக யாராவது குறைத்துக்கொள்வார்களா? 'ரொம்ப நன்றிண்ணே' என்று மட்டும் அனுப்பினாள்.