தாய்க்கோழி மாறினால்

அந்தக் கோழி ஆராய்ச்சிப் பண்ணையில் அவளை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இறக்கையின் உட்புறம் இறகை ஒதுக்கி, பச்சையாகத் தெரியும் நரம்பில் ஒரே குத்தில் ரத்தம் எடுப்பாள். பத்தொன்பது வருடத்தில் ரத்தம் பிடிக்கும் கண்ணாடிக் குழாய் மாறியது என்று ஒரு பேச்சு வந்ததில்லை.

அந்த வருடம் பழுப்பு, வெள்ளை என்று இரண்டு இனங்களை இரண்டு விதமாகக் கலந்திருந்தார்கள். ஒரு கூட்டில் தாய் பழுப்பு, தகப்பன் வெள்ளை. அடுத்த கூட்டில் நேர்மாறு. குஞ்சுகளுக்கு எட்டு வாரமானதும் ரத்தம் எடுத்தாள். சர்க்கரை இரண்டு கூட்டிலும் ஒரே மாதிரிதான். ஆனால் பழுப்புத் தாயின் குஞ்சுகளுக்குப் புரதம் தெளிவாகக் கூடுதல்.

பிரிவுத் தலைவரோ இரண்டு கூட்டையும் 'கலப்பினம்' என்று ஒரே தலைப்பில் போட்டுச் சராசரி எடுத்துவிட்டார். வந்திருந்த வெளி நிபுணர், "ஒரே இனம்னா எண்கள் ஏன் இப்படிச் சிதறிக் கிடக்கு?" என்று கேட்டார்.

தலைவர் கூசாமல் சொன்னார்: "ரத்தம் எடுக்கிற அம்மா குழாயை மாத்திட்டாங்க போல."

குழாய்த் தட்டோடு வாசலில் நின்றவளுக்குக் காது மடல் எரிந்தது. நேரே உள்ளே போனாள்.

"நான் எதையும் மாத்தல சார். நீங்கதான் ரெண்டு தாயோட குஞ்சுகளை ஒண்ணாக் கலந்துட்டீங்க."

"ரெண்டுலயும் அதே ரெண்டு இனம்தானேம்மா? தாய் எதுவா இருந்தா என்ன? ரத்தம் எடுக்கிறதோட உங்க வேலை முடிஞ்சுது."

"முடியல. மறுபடி எடுக்கிறேன். எது எந்தக் குஞ்சுன்னு என்கிட்ட சொல்லாதீங்க. குழாய்ல நம்பரை வெளியிலேர்ந்து வந்த இந்த சாரே ஒட்டட்டும்."

நிபுணர் ஒத்துக்கொண்டார். அன்று மாலை வீட்டில் கணவர், "ஒரு கோழிக்காகவா இப்படிக் கொதிக்கிற?" என்றார்.

"கோழிக்கா? கையெழுத்துப் போட்டுக் குடுத்த என் வேலையைப் பொய்யின்னு சொல்றான், சும்மா இருக்கணுமா?" சோற்றை அளைந்தாளே தவிர ஒரு வாய் இறங்கவில்லை.

அறுபது குஞ்சுகளிடம் மறுபடி எடுத்தாள். எந்த எண் எந்தக் குஞ்சு என்று தான் எழுதி வைத்திருந்த பட்டியலை நிபுணர் பிரித்துப் பார்த்தபோது புரதம் தாய்ப்படி அப்படியே இரண்டாகப் பிரிந்து நின்றது. "இனம் மட்டுமில்ல, முட்டையிட்ட தாயும் கணக்குல வரணும்" என்றார். அறிக்கை திருத்தப்பட்டது.

தலைவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நிபுணரோடு நடந்த கூட்டத்தின் குறிப்பில் 'சிறு தொழில்நுட்பக் கோளாறு சரிசெய்யப்பட்டது' என்று எழுதி அவள் கையெழுத்துக்கு அனுப்பினார். அவள் திருப்பி அனுப்பினாள். வார்த்தையைக் கொஞ்சம் புரட்டி மறுபடி வந்தது. அதையும் திருப்பினாள்.

"இன்னும் என்னம்மா வேணும் உங்களுக்கு?"

"நடந்ததை எழுதுங்க சார். வேற ஒண்ணும் வேண்டாம்."

மூன்றாவது தடவை வந்த தாளில், மாதிரிகள் சரியாகவே எடுக்கப்பட்டன, தொகுத்ததில்தான் பிழை என்றிருந்தது. இரண்டு முறை படித்தாள். கையெழுத்துப் போட்டாள். கோபம் மட்டும் ஆறவில்லை. அவர் வணக்கம் சொன்னால் இன்றுவரை அவள் திரும்பிப் பார்ப்பதில்லை.