கறையான் விட்டுவைத்த மட்டையாளர்கள்

தொண்ணூறுகளின் நடுவில் ரங்கூனுக்கு அமெரிக்கப் பயணிகள் வரத் தொடங்கினார்கள். நான் வழிகாட்டி உரிமம் வாங்கிய புதிது. பகோடாவைப் பற்றிச் சொல்லி முடித்த பிறகு அவர்களோடு பேச எனக்கு ஒன்றும் இருக்காது. கியாக்டடா பேட்டையின் நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் பேஸ்பால் வரலாறு என்று ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம் கண்ணில் பட்டதும் வாங்கிவிட்டேன். வீட்டில் பிரித்தால், சம்பளம் வாங்கி ஆடத் தொடங்கிய, நூறு வருடத்துக்கு முந்தைய ஆரம்ப காலக் கதை மட்டும்தான் மிச்சம். அதற்கப்பால் இருந்ததைக் கறையான் படித்துவிட்டிருந்தது.

இருந்ததை மனப்பாடம் செய்தேன். பந்து உயரமாக வேண்டுமா, தாழ்வாக வேண்டுமா என்று மட்டையாளரே கேட்டு வாங்கிய காலம் அது. ஒரே ஒரு வருடம், எறிபவர் தவறாக எறிந்ததால் அடிக்காமலே முதல் தளத்துக்கு நடந்து போனவருக்கும் அடித்ததாகக் கணக்கெழுதினார்கள். அந்த வருடம் பலர் மாபெரும் மட்டையாளர்கள் ஆனார்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் எங்கள் அரசு அலுவலகங்களைப் பற்றி ஒரு வாக்கியம் நாக்கு நுனிவரை வரும். உரிமம் நினைவுக்கு வரும். விழுங்கிவிடுவேன்.

ஒரு குளிர்காலத்தில், ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒருவர் மனைவியோடு வந்தார். நான் பழைய மட்டையாளர்களை வரிசையாகச் சொல்லச் சொல்ல, காரில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்போது ஆடுகிறவர்களில் உங்களுக்கு யாரைப் பிடிக்கும்?" என்று கேட்டார் மருத்துவர்.

ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. "அந்தக் காலத்து ஆட்களுக்குப் பிறகு எனக்கு மனம் ஒட்டவில்லை" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வருடம் மனைவியோடும் நண்பர்களோடும் திரும்பி வந்தார். கூடவே மட்டையும் பந்தும் வந்தன. நான் அடிப்பதை எல்லோரும் பார்க்க வேண்டுமாம். நகரத்துப் பூங்காவில் வெளிநாட்டார் கட்டையோடு கூட்டம் போட்டால் கேள்வி வரும். ஆற்றுக்கு அக்கரையில் உள்ள டாலாவுக்குப் படகேறினோம். மட்டையைத் தூக்கி வந்த எங்கள் டிரைவர், அலோன் பேட்டைத் தமிழர், வாத்தியார் என்ற மரியாதையில் என்னைச் சயா என்பவர், மெதுவாகக் கேட்டார்: "சயா, நீங்க இத முன்ன ஆடிருக்கீங்களா?"

"படிச்சிருக்கேன்."

அறுத்த வயலில், கிரிக்கெட்டில் நிற்பதுபோல மட்டையைத் தரையில் ஊன்றி நின்றேன். மருத்துவர் எறிந்தார். பந்து என்னைத் தாண்டிப் போனது. மறுபடியும் போனது.

"கவனியுங்கள், இது மிகப் பழைய பாணி" என்று மருத்துவர் நண்பர்களுக்கு விளக்கினார். அவர்கள் என் கால்களைப் படம் எடுத்தார்கள்.

அப்போது அவருடைய மனைவி கைப்பையைக் கீழே வைத்துவிட்டு வந்து மட்டையை வாங்கினார். அடுத்த பந்து, துறையிலிருந்து எங்களை ஏற்றி வந்த சைக்கா மிதிரிக்‌ஷா வண்டிகளுக்கு மேலே பறந்து, அல்லிக் குட்டையில் விழுந்தது.

"பள்ளிக்கூடத்தில் ஆடினேன்" என்றார் அந்த அம்மா. "கல்யாணமான நாளிலிருந்து இவர்தான் பேசுகிறார். நீ ஆடுவாயா என்று கேட்டதில்லை."

மருத்துவர் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு குட்டையில் இறங்கிப் பந்தை எடுத்து வந்தார். அந்த அம்மா மறுபடி எறியச் சொன்னார். சைக்காக்காரர்கள் வண்டிகளை விட்டுவிட்டு வரப்பில் வந்து உட்கார்ந்தார்கள். என்னை எல்லோரும் மறந்துபோனதில் எனக்குப் பெரிய நிம்மதி. மருத்துவர் நாலாவது முறை சேற்றில் இறங்கியபோது, படகுக்கு நேரமாகிவிட்டது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.