யாமினி ஏன் வருவதில்லை?

போன வியாழக்கிழமை பம்பாய் கிங்ஸ் சர்க்கிளில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு பெண்மணி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மேடம், உண்மையச் சொல்லுங்கோ. யாமினியைக் கொன்னுட்டேளா?”

காய்காரர் தராசை அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அவர் மராட்டிக்காரர். ஆனால் மாட்டுங்காவில் இத்தனை வருடம் கடை போட்டவருக்குத் தமிழ் புரியாமலா இருக்கும்? எதிரில் இருப்பவருக்கு நம் பாஷை தெரியாது என்று நானாக நினைத்துக்கொள்வது என் பழைய வியாதி. அதனால் வந்த வினையைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக — யாமினி என் சஸ்பென்ஸ் நாவல்களில் வரும் பெண் துப்பறிவாளர். அவளை யாரும் கொல்லவில்லை. தீபாவளிக்குப் பிறகு நான் அவளை எழுதவில்லை, அவ்வளவுதான். கேட்டவர்களிடமெல்லாம் முதுகு வலி, கண் ஆபரேஷன் என்று ஏதோ சொல்லி வந்தேன். முதுகு வலி பொய். கண் ஆபரேஷன் பாதி நிஜம்... ஒரு கண்தான்.

இந்தக் கதைகளில் ஒரு வேடிக்கை கவனித்திருக்கிறீர்களா? ஆண் துப்பறிவாளர் என்றால் ஒரு பைக், கொஞ்சம் ஜோக், போதும். பெண் என்றால் அவளுக்கு ஒரு கடந்த காலம் வேண்டும். அது அவளைத் துரத்த வேண்டும். அவள் தூக்கம் வராமல் ஜன்னலருகே நின்று மழையைப் பார்க்க வேண்டும். கேஸைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது, கண்ணீரும் விட வேண்டும்!

என் யாமினி அப்படி இல்லாமல்தான் இருந்தாள். நன்றாகச் சாப்பிடுவாள், நன்றாகத் தூங்குவாள். பதிப்பாளர்தான் ஆரம்பித்தார். “மேடம், யாமினி ரொம்ப சௌக்கியமா இருக்கா. இப்ப எல்லாரும் டார்க்கா கேக்கறாங்க. ஒரு பாஸ்ட் குடுங்களேன்.”

எங்கே போவேன் பாஸ்ட்டுக்கு? முப்பது வருடம் ஆபீஸ், வீடு, எட்டேகால் லோக்கல் என்று ஓடியவள் நான். என் கடந்த காலம் என்னைத் துரத்தினால் மிஞ்சிப் போனால் சீசன் டிக்கெட்தான் கேட்கும்.

அப்போதுதான் இசக்கி கிடைத்தாள்.

இசக்கி என்பது இந்தக் கட்டுரைக்காக நான் வைத்த பெயர். அவள் ஆபீஸில் அவளைக் கூப்பிடும் பெயர் வேறு, அதையும் சொல்ல மாட்டேன். இந்த முறை ஜாக்கிரதையாக இருக்கிறேன்.

அவள் என் வீட்டுக்கு வந்ததே துப்பறியத்தான். கழுத்தில் ஐடி கார்டு, கையில் ஃபைல். சோப்புத்தூள் சர்வேயாம். சோப்புத்தூளைப் பற்றி மூன்று கேள்வி கேட்டாள். நாலாவது மாடிப் பையனைப் பற்றிப் பதினொரு கேள்வி கேட்டாள்.

“ஏம்மா, அந்தப் பையனைப் போட்டா துணி வெளுக்குமா?” என்றேன். சிரித்துவிட்டாள்.

தாதரில் ஒரு சின்ன டிடெக்டிவ் ஏஜென்சி. கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை எப்படி என்று விசாரித்துச் சொல்வது அவள் வேலை. நம் ஜனங்களுக்கு இது புதிதா என்ன? திருநெல்வேலியிலிருந்து பம்பாய் மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்கிறவர்கள், இங்கே இருக்கும் சொந்தக்காரருக்குப் போன் போட்டு, ‘பையன் எப்படி, விசாரிச்சுச் சொல்லு’ என்பார்கள். அவர் போய் பில்டிங் வாட்ச்மேனைக் கேட்டுவிட்டு வந்து தங்கமான பையன் என்பார். இப்போது அதற்கும் ஏஜென்சி வந்திருக்கிறது.

அன்று முதல் சனிக்கிழமை மத்தியானம் இசக்கி காபிக்கு வருவாள். முப்பத்துமூன்று வயது, தாராவியில் பிறந்து வளர்ந்தவள். சந்துக்குள் ஆளைத் தொலைக்காமல் பின்தொடர்வது எப்படி, பக்கத்து வீட்டுக்காரியை வாய் திறக்க வைப்பது எப்படி என்று சொல்லுவாள். நான் குறித்துக்கொள்வேன். யாமினி கெட்டிக்காரி ஆனாள்.

போன வருட மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை சும்மா கேட்டேன். “உன் ரிப்போர்ட் எப்பவாவது தப்பாப் போயிருக்கா?”

காபி டம்ளரைக் கீழே வைத்தாள். “தப்பாப் போகல ஆன்ட்டி. நான்தான் தப்பாக் குடுத்தேன்.”

அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். அவள் அக்காவுக்கு ஆண்டாப் ஹில்லில் ஒரு வரன் வந்தது. ‘நீதான் இந்த வேலையில இருக்கியே, நீயே விசாரிச்சுட்டு வா’ என்று அம்மா அனுப்பினார். இசக்கி சர்வே என்று சொல்லிக்கொண்டு நாலு வீடு ஏறினாள். நாலாவது வீட்டில் உண்மை இருந்தது. மாப்பிள்ளைக்கு அங்கே ஏற்கெனவே ஒரு குடும்பம். ஒரு பெண், அவள் இடுப்பில் ஒரு குழந்தை.

இசக்கி வீட்டுக்கு வந்தாள். ‘நல்ல பையன்’ என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள்? அக்காவுக்கு ஆகாமல் தங்கைக்கு எப்படி ஆகும்? இசக்கிக்காக ஒருவன் இரண்டு வருடமாகக் காத்திருந்தான். அவன் வீட்டில் அவசரப்படுத்தினார்கள். அக்காவுக்கு வந்த வரன்களோ ஒவ்வொன்றாகத் தட்டிப்போய்க்கொண்டிருந்தன. இதுவும் போனால்...?

கல்யாணம் நடந்தது. இசக்கிக்கு நாள் பார்ப்பதற்குள், ஒரே வருடத்தில் அக்கா திரும்பி வந்துவிட்டார். அடிபட்டு, உடம்பில் அழியாத ஓர் அடையாளத்தோடு. என்ன அடையாளம் என்று இங்கே எழுதப் போவதில்லை. ஒரு தடவை எழுதியது போதும். அதன் பிறகு இசக்கி தன் கல்யாணப் பேச்சை யாரையும் எடுக்க விடவில்லை. காத்திருந்தவனும் போய்விட்டான். அம்மா காலமான பிறகு, தாராவி வீட்டில் அக்காவும் தங்கையும் மட்டும்.

கதைகளில் கடந்த காலம் கெட்ட கனவாக வரும். இசக்கிக்கு அது தினமும் சாயங்காலம் கதவைத் திறந்துவிட்டு, “சாப்டியாட்டி?” என்று கேட்டது.

“அக்காட்ட சொல்லணும் ஆன்ட்டி. ரோஜ் நெனைக்கேன், தெனமும். எப்டி ஆரம்பிக்கன்னுதான் தெரியல” என்று அழுதாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பழசை எதுக்குக் கிளறணும்? விடும்மா” என்றேன். அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோதே என் மண்டைக்குள் ஒரு மூலையில் ‘பதினாலாம் அத்தியாயம்’ என்று ஓடிக்கொண்டிருந்தது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் நிஜம்.

யாமினிக்குப் பாஸ்ட் கிடைத்துவிட்டது.

முழுசாக அப்படியே எழுதிவிடவில்லை. தாராவியை நாசிக் ஆக்கினேன். ஆண்டாப் ஹில்லைப் புனே ஆக்கினேன். மாப்பிள்ளைக்கு மீசை வைத்தேன். அக்காவின் அந்த அடையாளத்தை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. அப்படி ஒரு விவரம் உட்கார்ந்து யோசித்தால் கிடைக்குமா? எழுத்தாளருக்கு இருக்கிற பேராசை பாருங்கள்.

இசக்கிக்குத் தெரிந்தால்? எப்படித் தெரியும்! அவள் இந்தி மீடியம். தமிழ் பேசுவாள், ஓர் எழுத்து வாசிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான், தீபாவளிக்குப் புத்தகம் வந்ததும் நானே அவளுக்கு ஒரு பிரதி கொடுத்தேன். முதல் பக்கத்தில், ‘துப்பறியக் கற்றுக்கொடுத்த இசக்கிக்கு’ என்று, அவள் நிஜப் பெயர் போட்டு, கையெழுத்து வேறு.

“என்ன எழுதிருக்கு ஆன்ட்டி?” என்றாள். வாசித்துக் காட்டினேன். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. புத்தகத்தைத் துப்பட்டாவில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

தங்கைக்குத்தான் தமிழ் வாசிக்க வராது. அக்கா? அக்கா முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளியில் எட்டாவது வரை படித்தவர். அது எனக்குத் தோன்றவே இல்லை. கேட்கவும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை இசக்கி வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. போனையும் எடுக்கவில்லை. மூன்றாவது வாரம் தாதரில் அவள் ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். வெளியே வந்தாள். உள்ளே கூப்பிடவில்லை.

“அக்கா தெனமும் மூணு சாப்டர் சத்தமா வாசிச்சா ஆன்ட்டி. நான் கேட்டுட்டே சப்பாத்தி போடுவேன். பதினாலு வந்துச்சு. வாசிச்சிட்டே இருந்தவ அந்த அடையாளம் வந்ததும் நிப்பாட்டிட்டா. மொதப் பக்கத்தத் திருப்பிப் பாத்தா. என் பேரப் பாத்தா.”

“என்ன சொன்னா?”

“சப்பாத்தி கருகுது பாருட்டின்னா. அவ்ளோதான். புக்க மூடி டிவி மேல வச்சிட்டா. மறுநாளும் ஒண்ணும் கேக்கல. திட்டிருந்தா அங்கயே இருந்திருப்பேன். நாலாவது நாள் பையத் தூக்கிட்டு வந்துட்டேன்.”

செம்பூரில் லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாளாம்.

நான் மன்னிப்புக் கேட்டேன். என்னென்னவோ சொன்னேன். கடைசியில் அவள் கேட்டாள். “எழுதுததுக்கு முன்னாடி என்ட்ட ஒரு வார்த்த கேட்ருக்கலாம்லா?”

“கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பே.”

“ஆமா. அதாலதான் நீங்க கேக்கல.”

அவள் துப்பறிவாளர் அல்லவா? திரும்பி உள்ளே போய்விட்டாள்.

அப்போது நிறுத்தியதுதான் யாமினியை. ‘பதினாலாம் அத்தியாயத்தில் அழுதுவிட்டேன்’ என்று வாசகர் கடிதங்கள் வந்தபடி இருந்தன. பிரிக்காமலே வைத்தேன்.

மூன்று மாதம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. காலிங் பெல். கதவைத் திறந்தால், நாற்பது வயதிருக்கும், நான் பார்த்தே இராத ஒரு பெண். ஆனால் யார் என்று உடனே தெரிந்துவிட்டது. நான் விவரித்த அடையாளம்தான் எதிரே நின்றதே.

உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். பிளாஸ்டிக் பையிலிருந்து என் புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“நல்லா எழுதுதீங்கம்மா. பை தைக்கிற பட்டறையில லைனிங் போடும்போது உங்க கதயத்தான் எல்லார்ட்டயும் சொல்லுவேன். இதுல மட்டும் ஒரு எடம் தப்பா இருக்கு.”

“எந்த இடம்மா?”

“அக்காகாரிக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு எழுதிருக்கீங்க.”

நான் அவரையே பார்த்தேன்.

“எனக்குத் தெரியும்மா. தலப்பொங்கலுக்கு இசக்கிதான் பொங்கப்படி, சீரெல்லாம் கொண்டாந்தா. அந்தப் பொம்பள ரெண்டு சந்து தள்ளித்தான் இருந்தா. இவளப் பாத்துட்டு நேரா எங்கிட்ட வந்து கேட்டுட்டா. ‘கல்யாணத்துக்கு முன்னாடி சர்வேன்னு வந்து எல்லாத்தையும் கேட்டுட்டுப் போனாளே, அவதானே இவ?’ன்னு.”

“அப்படின்னா... இத்தனை வருஷமா? ஏன் அவளைக் கேக்கலை?”

“நான் கேட்டா அது விசாரணைல்லா?” என்றார். “அவளா சொல்லணும்னு இருந்தேன். நாலஞ்சு வாட்டி வாயெடுத்தா. போன கணபதிக்கு மோதகம் புடிக்கும்போது ‘அக்கா, உன்ட்ட ஒண்ணு சொல்லணும்’ன்னா. நான் கைவேலைய நிறுத்திட்டுப் பாத்தேன். பொறவு ‘ஒண்ணுமில்ல’ன்னுட்டா. சரி, இன்னும் கொஞ்ச நாள்ல சொல்லிருவான்னு நெனச்சேன்.”

டம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்து முடித்தார்.

“பதினோரு வருசம் காத்திருந்தேம்மா. நீங்க முந்திக்கிட்டீங்க.”

திட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. “இனிமே அவ வந்து சொன்னாலும், கதையில வந்துட்டதால சொன்னதாத்தான் இருக்கும். மனசு வந்து சொன்னதா இருக்காதுல்லா?” என்றார்.

அதுவரை நான் திருடியது இசக்கியின் ரகசியத்தை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது அக்காவுக்கு ஏற்கெனவே தெரிந்த ரகசியம். இசக்கி ஒருநாள் தன் வாயால் சொல்லியிருக்க வேண்டிய அந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் திருடிவிட்டேன். அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது? இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

ஞாயிறுதோறும் அக்கா மீன்குழம்பு டப்பாவோடு செம்பூர் போகிறார். இசக்கி கேட் வரை வருகிறாள். போன வார டப்பாவைக் கழுவித் தருகிறாள். டிரெயின் கூட்டம், ஹாஸ்டல் தண்ணீர் என்று ஏதோ பேசிக்கொள்கிறார்களாம். அந்தப் பேச்சு மட்டும் கிடையாது.

“உங்களுக்குத் தெரியும்கிறதை நான் இசக்கிகிட்ட சொல்லட்டுமா?” என்று கேட்டேன். உதவி செய்கிற அவசரம்.

“அத நான் சொல்லிக்கிடுதேன்” என்று எழுந்தார். “இந்த வாட்டியாவது முந்தாதீங்க.”

முந்தவில்லை. மூன்று மாதம் வாயைத் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

இந்தத் திங்கட்கிழமை அக்கா போன் செய்தார். “எனக்கு முன்னாடியே தெரியும்னு அவட்ட சொல்லிட்டேம்மா. இப்ப நீங்க எழுதுததுன்னா எழுதிக்கோங்க. அவளும் சரின்னுட்டா. அடையாளத்த மட்டும் போடாதீங்க.”

“இசக்கி என்னம்மா சொன்னா? வீட்டுக்கு வந்துட்டாளா?”

“அது எங்க வீட்டு விஷயம்லா?” என்று சொல்லி, மெதுவாகப் போனை வைத்துவிட்டார்.

கிங்ஸ் சர்க்கிள் சகோதரியே, இதுதான் உங்களுக்கு என் பதில். முப்பது வருடமாக சஸ்பென்ஸ் எழுதுகிறேன். முடிவு என்ன என்று எனக்கே தெரியாமல் முற்றுப்புள்ளி வைப்பது இதுதான் முதல் தடவை... கேட்கவும் எனக்கு வாயில்லை.