சிறைக்கென்று ஓர் ஆசிரியர்

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நாங்கள் அச்சடித்த கேலி வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் 'பொறுப்பாசிரியர்: கோட்ஹோல்ட் க்ரும்பீகல்' என்று இருக்கும். அவர் அதில் ஒரு வரிகூட எழுதியவர் அல்ல. தாள் மடிக்கும் இயந்திரத்தில் வலது கை நசுங்கி, வேறு வேலைக்கு ஆகாமல் போனவர். பேரரசரைக் கிண்டல் செய்து வழக்கு வந்தால் சிறைக்குப் போக ஓர் ஆள் வேண்டும். நிஜ ஆசிரியர் டாக்டர் வேட்செல் போனால் பத்திரிகை நின்றுவிடும். அதற்குத்தான் க்ரும்பீகல்.

1904இல் வழக்கு வந்தது. பேரரசரின் மீசையைப் பற்றிய பாட்டு.

"எழுதினது யாருய்யா?" என்றார் நீதிபதி.

"நான்தாங்க."

"அந்தக் கையாலயா?"

கூடமே சிரித்தது. ஒன்பது மாதம் கொடுத்தார்கள்.

குளிர்காலத்தில் க்ரும்பீகலின் மகள் லீஸ்பெத்துக்குத் தொண்டை அடைப்பான் கண்டது. நான் அந்த அச்சகத்தில் எழுத்துக் கோப்பவன். அவர்கள் வீட்டு மாடியில் குடியிருந்தேன். அவர் மனைவி மின்னாவோடு சிறைக்கு நான்தான் போனேன்.

"புள்ள மூச்சு விட முடியாம நீலம் பாரிச்சுக் கெடக்கா. எழுதினவர் பேரைச் சொல்லிட்டு வீட்டுக்கு வாங்க," என்றாள்.

"வாக்குக் குடுத்திருக்கேன், மின்னா."

"எனக்கும்தான் குடுத்தீங்க, சர்ச்சுல வச்சு."

அவர் சிறை அதிகாரியைக் கூப்பிட்டார். "எழுதினது டாக்டர் வேட்செல்ங்க. என்னை விட்டுடுங்க."

அதிகாரி கெட்டவர் இல்லை. "தீர்ப்புக்கு முன்னாடி சொல்லியிருந்தா விட்டிருப்பாங்கய்யா. இனிமே யார் பேரைச் சொல்லியும் பிரயோசனமில்ல. சட்டத்துக்கு ஓர் ஆள் வேணும், நீ கிடைச்சுட்ட."

க்ரும்பீகல் சுவரில் தலையை மோதிக்கொண்டார். காவலர்கள் பிடித்து இழுத்துப் போனார்கள். மின்னா அழவில்லை. டிராமுக்குக்கூட நிற்காமல் பனியில் ஓட்டமும் நடையுமாகப் போனாள். ஞாயிற்றுக்கிழமை லீஸ்பெத் இறந்தாள். அடக்கத்துக்கு அவரை விடவில்லை.

விடுதலையன்று சிறை வாசலில் வேட்செல் பூங்கொத்தோடு நின்றார். "வாங்க, நம்ம வீரரே!"

"நான் உங்க பேரைச் சொல்லிட்டேன், டாக்டர். அவங்களுக்கு வேண்டாமாம்."

வேட்செல் அதை வேடிக்கை என்று நினைத்து வாய்விட்டுச் சிரித்தார். "பிரமாதம்! இதை அடுத்த இதழ்ல போட்டுடலாம்."

மின்னா வரவில்லை. ட்ஸ்விக்காவ் என்ற சுரங்க ஊரில் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். அதைச் சொல்லும் பொறுப்பை என் தலையில் கட்டியிருந்தாள். சொன்னேன். க்ரும்பீகல் பூங்கொத்தை வாங்காமலே ரயில் நிலையத்துக்கு நடந்தார்.

அக்கா வீட்டில் மின்னாதான் கதவைத் திறந்தாள். அவரோடு பேச ஒரு வருடம் ஆயிற்று. அவர் அங்கேயே நிலக்கரிச் சுரங்கத்தில் காவலாளியாகக் காலத்தை ஓட்டினார்.