தையல் மிஷினுக்கு அடியில் ஐந்து பெட்டிகள்

நூற்றுப் பன்னிரண்டு. ரொட்டிக் கடை அடுப்புக்குப் பின்னால் ஒரு வாரம் வைத்திருந்த, பசை தடவிய ஒரே ஒட்டு அட்டையில் அவர் எண்ணிய கரப்பான்பூச்சிகள் அத்தனை. பூச்சி ஒழிக்கும் பத்தொன்பது வருட வேலையில் அதற்கு மேல் ஓர் அட்டையில் விழுந்ததில்லை.

அடுக்குமாடிகளில் அவரை ‘ஜெல் அண்ணன்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஊசிக்குழாயில் பழுப்பு நிற மருந்துப் பசையோடு வருவார். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியிலும் அலமாரிக் கீல்களிலும் பொட்டு வைப்பதுபோல் வைத்துவிட்டுப் போவார். கை வேலை செய்ய, வாய் பாடம் நடத்தும்.

“முதுகும் வயிறும் ஒரே நேரத்துல எங்கயாவது உரசணும்மா. அப்பதான் அதுக்கு நிம்மதி. அதான் இடுக்குத் தேடி ஓடுது.”

“இந்தச் சின்னப் பழுப்பு இருக்கே, பொம்பளைக் கரப்பான் முட்டைப் பையை வால்லயே சுமந்துட்டுத் திரியும். ஒரு பைக்கு முப்பது நாப்பது குஞ்சு.”

“தலைய வெட்டினாலும் ஒரு வாரம் கிடக்கும். அதுக்கு மூக்கே கிடையாதும்மா. உடம்போரத்து ஓட்டைங்களாலதான் மூச்சு விடுது.”

நோய் என்று கேட்டால் வயிற்றுப்போக்கைச் சொல்வார். சாக்கடையில் நடந்த கால்களோடு ரொட்டி மேல் நடக்கிறது, வேறென்ன வேண்டும்? அவருக்குத் தெரிந்த ஆபத்து அவ்வளவுதான்.

கம்பெனி கேட்பது எண்ணிக்கை மட்டும். ஆனால் பல வருடங்களுக்கு முன் ஒரு ஓட்டல் முதலாளி, “நீ வரவே இல்ல, ஒரு பூச்சியும் சாகல” என்று சாதித்துவிட்டார். கையில் ஆதாரம் இல்லாமல் ஜெல் அண்ணன் எல்லார் முன்னாலும் திருதிருவென்று விழித்தார். அன்றிலிருந்து ஒவ்வோர் அட்டையிலும் தேதியும் இடமும் எழுதி, செய்தித்தாளில் சுற்றி, அட்டைப்பெட்டியில் அடுக்கி வைப்பது அவர் பழக்கம்.

அவருடைய மனைவி பள்ளிச் சீருடை தைப்பவர். இரண்டு வருடமாக அவருக்கு மூச்சிழுப்பு. முதலில் சளி என்றார்கள், பிறகு துணிப் பஞ்சு என்றார்கள். மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு தைத்தும் குறையவில்லை. கடைசியில் ஒரு டாக்டரம்மா, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க, அவர் கையில் பன்னிரண்டு வகை மருந்துச் சொட்டு விட்டு, ஒவ்வொன்றின் மேலும் ஊசியால் லேசாகக் கீறினார். கால் மணி நேரத்தில் ஒன்பதாவது இடம் மட்டும் கொசு கடித்ததுபோல் தடித்தது.

“கரப்பான்,” என்றார் டாக்டர். “வீட்ல நிறைய இருக்கா?”

ஜெல் அண்ணன் சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை உருவினார். “எங்க வீட்லயா? டாக்டர், நான் யாருன்னு இதுல பாருங்க.”

டாக்டர் பார்த்தார். சிரிக்கவில்லை. “கண்ணுல படணும்னு இல்ல சார். அதோட எச்சில், கழிவு, உரிச்சுப் போட்ட தோல், செத்து நொறுங்கின கால், எல்லாமே தூசியாகும். மூச்சோட உள்ள போகும்.”

“வேற ஒண்ணா இருக்குமோ? இன்னொரு தடவ கீறிப் பாருங்களேன்.”

“உங்களுக்கென்ன, கை என்னோடதுதானே?” என்றார் மனைவி.

வீட்டில் பதினோரு அட்டைகள் வைத்தார். ஒரு வாரம் கழித்து எடுத்தபோது மொத்த வேட்டை: ஓர் எறும்பு, சிவப்பு நூல் ஒன்று. ஒரு கரப்பான்கூட இல்லை. பெருமைப்படுவதா கவலைப்படுவதா என்று அவருக்குப் புரியவில்லை. அன்றைக்கும் மனைவி சுவரில் சாய்ந்து, தோள் ஏறி இறங்க, மூச்சைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். தலை போன கரப்பானே ஒரு வாரம் மூச்சு விடுகிறது, இவளுக்கு ஏன் முடியவில்லை என்று ஒரு கணம் அவர் மனம் எங்கோ போய்த் திரும்பியது.

அப்புறம்தான் மனைவியின் அக்கா வீடு நினைவுக்கு வந்தது. வாரக் கடைசியில் மனைவி தங்குவது அங்கேதான். அங்கே சமையலறையில் விளக்கைப் போட்டால் ஓட்டப் பந்தயம் நடக்கும். அவர் ஊசிக்குழாயோடு போய் நின்றார்.

“என்ன தம்பி, போலீஸ் மாதிரி வந்திருக்கே?”

“உங்க வீட்டுப் பூச்சிதான் அவ மூச்ச அடைக்குது.”

“நல்லா இருக்கே நியாயம்! இங்க வந்தாதான் அவ கால நீட்டித் தூங்குறா. கேளு அவளையே.”

மனைவியும் அதையேதான் சொன்னார். “அக்கா வீட்ல இழுப்பே வரதில்லங்க. நம்ம வீட்லதான்.”

ஜெல் அண்ணன் விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். பூச்சி ஓடுகிற வீட்டில் இழுப்பு இல்லை. பூச்சியே இல்லாத வீட்டில் இழுப்பு. பத்தொன்பது வருடம் படித்த பாடம் எதிலும் இந்தக் கணக்கு இல்லை. இருந்தாலும் அக்கா வீடு முழுக்கப் பொட்டு வைத்துவிட்டு வந்தார். இரண்டு வாரத்தில் அங்கே பந்தயம் நின்றது. இங்கே இழுப்பு நிற்கவில்லை.

மூன்றாவது வாரம் அக்கா டார்ச் விளக்கோடு வந்து இறங்கினார். “என் வீட்ட நீ சோதிச்சே இல்ல? இப்ப உன் வீட்ட நான் சோதிக்கிறேன். தள்ளு.”

அடுப்படி சுத்தம். அலமாரி சுத்தம். தையல் மிஷினுக்கு அடியில் ஐந்து அட்டைப்பெட்டிகள் இருந்தன. மிஷினை மிதிக்கும்போது மனைவியின் கால் அவற்றில்தான் இடிக்கும். அக்கா ஒன்றை இழுத்ததும் அடிப்பக்கம் பிரிந்து, டீத்தூள் போல ஏதோ தரையில் கொட்டியது. அதில் கால்களும் இறக்கைத் துண்டுகளும் கிடந்தன.

“இது என்ன தம்பி?”

“ஆதாரம்,” என்றார் அவர்.

“என் வீட்ல ஓடுனது பத்து இருக்குமா? உன் வீட்ல படுத்துக் கிடக்கறது ஆயிரம் தேறும் போல!”

“அதெல்லாம் செத்ததுங்க.”

“செத்து நொறுங்கினதுன்னுதானே டாக்டர் சொன்னாங்க?” என்று மனைவி மெதுவாகக் கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. ஜெல் அண்ணன் குனிந்து பெட்டிக்குள் பார்த்தார். மேலாக இருந்த செய்தித்தாளில் அவர் கையெழுத்தே தெரிந்தது: ரொட்டிக் கடை, 112.

அன்றே பெட்டிகள் பிளாஸ்டிக் பைகளுக்குள் கட்டப்பட்டுப் போயின. துடைப்பம் தூசியைக் கிளப்பும் என்பதால் தரையையும் மிஷினையும் ஈரத்துணியால் மூன்று முறை துடைத்தார்கள். தன் வேலைச் சீருடையை இப்போது ஜெல் அண்ணன் அலுவலகத்திலேயே கழற்றிவிட்டு வருகிறார். வாடிக்கையாளர்களிடமும், “கொன்னா மட்டும் போதாதும்மா, செத்தத ஈரத்துணியால வழிச்சு எடுங்க” என்கிறார். “அது நம்ம வேலையில்லையேப்பா” என்கிறார் சூப்பர்வைசர். நம் வேலை எது என்று ஜெல் அண்ணனுக்கும் இப்போது தெளிவாக இல்லை.

மூச்சின் வேகத்தை அளக்கும் குழாயில் மனைவி முன்பு ஊதியபோது முள் இருநூற்றிருபதில் நின்றது. பெட்டிகள் போய் ஒரு மாதம் கழித்து இருநூற்று எழுபது. டாக்டர் எதிர்பார்ப்பது முந்நூற்றைம்பது.

“அதான் எல்லாத்தையும் எடுத்தாச்சே டாக்டர், இன்னும் ஏன்?”

“தூசி போக மாசக்கணக்காகும் சார். அதுதான் காரணமான்னு அப்பதான் உறுதியாச் சொல்ல முடியும்.”

அடுத்த மாதம் ஏழாம் தேதி மனைவி மறுபடி ஊத வேண்டும். அதுவரை தையல் மிஷின் அக்கா வீட்டில் இருக்கிறது.